ஜீப் எடுக்கப் போறீங்களா? இன்ஜின் பற்றி வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதவரம் பக்கம் டீசல் பம்ப், நாசில் வேலை பார்க்கும் பட்டறை எங்களுடையது. வருவது பெரும்பாலும் டிரெய்லரும் டிப்பரும்தான். ஆனால் சில வருடங்களாக, வண்டி இல்லாமல் சந்தேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். “தார் எடுக்கலாம்னு இருக்கேன், ஜிம்னி பார்த்தேன், எந்த இன்ஜின் போடலாம்?” என்று ஒரே பேச்சு. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

இது லோ கியர் (மேட்டிலும் சேற்றிலும் மெதுவாக, பலமாக இழுக்கத் தனியாகப் போடும் கியர்) உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாங்கி, பத்துப் பதினைந்து வருடம் வைத்து ஓட்ட நினைப்பவர்களுக்கு. மூன்று வருடத்தில் விற்றுவிடுவேன் என்பவருக்கு இதில் பாதி தேவைப்படாது. பிடித்ததை வாங்கி ஓட்டுங்கள்.

அண்ணே, சுத்தி வளைக்காம ஒரே வார்த்தைல சொல்லுங்க. பெட்ரோலா, டீசலா?

வருடத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்குள், அதுவும் பெரும்பாலும் ஊருக்குள் என்றால் பெட்ரோல். பதினைந்தாயிரத்தைத் தாண்டும், அதில் பாதிக்கு மேல் ஹைவே என்றால் டீசல். நடுவில் இருப்பவர்கள் மீதியையும் படிக்க வேண்டும்.

இதில் சேறு, மணல், பாறை எதையும் நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஞாயிற்றுக்கிழமை மேடு ஏற இரண்டு இன்ஜினுமே போதும். அது பத்து வருடம் தாங்குமா என்பது திங்கள் முதல் சனி வரை வண்டி போகிற ரூட்டைப் பொறுத்தது.

இப்போ ஷோரூம்ல என்னென்ன இன்ஜின்தான் கிடைக்குது?

மகிந்திராவின் மூன்று கதவு தாரில் 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், சுமார் 150 எச்.பி.; 2.2 லிட்டர் டீசல், சுமார் 130 எச்.பி. இரண்டிலும் டார்க், அதாவது சுழற்றும் இழுவை, 300 நியூட்டன் மீட்டர், பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் மட்டும் 320. 2024 ஆகஸ்டில் வந்த தார் ராக்ஸில் பெட்ரோல் உண்டு, ஆனால் ஃபோர் வீல் டிரைவ் டீசலோடு மட்டும்தான். ஸ்கார்பியோ-N மாடலிலும் அதே கதை. மாருதியின் ஜிம்னியில் 1.5 லிட்டர் டர்போ இல்லாத பெட்ரோல், 134 நியூட்டன் மீட்டர். கூர்காவில் 2.6 லிட்டர் டீசல், 2024 முதல் 140 எச்.பி. இசுசு வி-கிராஸ் 1.9 லிட்டர் டீசல். தடா தாண்டினால் வரும் ஸ்ரீசிட்டியில்தான் தயாராகிறது. ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் என்றால் 2.8 லிட்டர் டீசல். ஃபார்ச்சூனர் பெட்ரோலில் ஃபோர் வீல் டிரைவ் கிடையாது.

அதாவது ஐம்பது லட்சத்துக்குள் பெட்ரோலும் லோ கியரும் சேர்ந்து வேண்டுமென்றால் புதிய வண்டியில் தாரும் ஜிம்னியும்தான் மிஞ்சுகின்றன. வேரியன்ட்களை அடிக்கடி மாற்றுவார்கள், புக்கிங் பணம் கட்டும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிம்னில டார்க் 134 தானாமே? தார்ல 300. அப்போ ஆஃப்ரோடுல அது பொம்மைதானே?

காகிதத்தில் இருக்கும் டார்க் வேறு, சக்கரத்துக்கு வந்து சேரும் டார்க் வேறு. லோ கியர் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் கியர்பெட்டி) அதை இரண்டு மடங்கோ அதற்கு மேலோ பெருக்கிக் கொடுக்கிறது. முதல் கியர், டிஃபரன்ஷியல் எல்லாம் சேர்ந்து இன்னும் பல மடங்கு பெருக்கும். அப்புறம் எடையைப் பாருங்கள். ஜிம்னி சுமார் 1,200 கிலோ, தார் டீசல் அதைவிட ஏறக்குறைய அரை டன் அதிகம். லேசான வண்டிக்கு அவ்வளவு டார்க் தேவையே இல்லை. சேற்றில் அது கனமான வண்டி அளவுக்குப் புதையவும் செய்யாது.

டீசலின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 1,500 ஆர்.பி.எம். பக்கத்திலேயே முழு இழுவையும் வந்துவிடுவதால், பாறை மேல் அங்குலம் அங்குலமாக ஏற்றும்போது காலுக்கு வேலை குறைவு. டர்போ இல்லாத பெட்ரோலில் கொஞ்சம் ஆர்.பி.எம். ஏற்றிப் பிடிக்க வேண்டும். பழகினால் கை கால் தானாகச் செய்யும். மணலில் நிலைமை தலைகீழ். அங்கே ஆர்.பி.எம். விழாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பெட்ரோல் அதற்குச் சுகம். மணல் என்றதும் பழவேற்காடு கடற்கரையைக் கேட்பார்கள். கரையில் வண்டியை இறக்காதீர்கள். ஜனவரியிலிருந்து நம் கரையோரம் ஆமைகள் முட்டையிட ஏறி வரும் காலம், டயருக்கு அடியில் எது இருக்கிறது என்று தெரியாது.

மலை எறங்கும்போது டீசல்ல இன்ஜின் பிரேக் நல்லா புடிக்கும்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. பெட்ரோலில் ஆக்சிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் மூடிக்கொள்ளும், காற்றை இழுக்க இன்ஜின் திணறும், அந்தத் திணறல்தான் பிரேக். டீசலில் காற்றை அப்படி மூடி வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. அழுத்திய காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடுவதால் பிடிப்பு நாம் நினைக்கிற அளவு இல்லை. லாரிக்காரர்கள் எக்ஸாஸ்ட் பிரேக் தனியாகப் போடுவது அதனால்தான். லோ கியரில் முதல் கியர் போட்டு இறங்கினால் இரண்டுமே பிடிக்கும். கிளட்சை மட்டும் மிதித்துவிடாதீர்கள்.

டி.பி.எஃப்., டி.பி.எஃப்.னு எல்லாரும் பயமுறுத்தறாங்க. அது என்னதான்?

டீசல் புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமான பிறகு டீசல் கார், ஜீப்களின் சைலன்சர் லைனில் இது உட்கார்ந்திருக்கிறது. பிடித்த கரி சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அதை எரித்துச் சாம்பலாக்கியாக வேண்டும். அதற்குள் சூடு சுமார் 600 டிகிரி வர வேண்டும். ஹைவேயில் நிதானமாக ஓடும்போது அது தானாக நடக்கும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. சூடு போதவில்லை என்றால் கம்ப்யூட்டரே கூடுதல் டீசல் அடித்து எரிக்கப் பார்க்கும். இதைத்தான் ரீஜென் என்கிறார்கள்.

சிக்கல் நம்ம ஏரியாவில் ஆரம்பிக்கிறது. தண்டையார்பேட்டையில் ஸ்டார்ட் செய்து பாரிமுனையில் நிறுத்துகிறீர்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்கிறீர்கள். சைலன்சர் சூடாவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். ரீஜென் ஆரம்பித்த நேரம் பார்த்து சாவியைத் திருப்பி நிறுத்துவீர்கள். எரிக்க அடித்த டீசல் எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். இதுவே தினமும் நடந்தால் ஒருநாள் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்: ஆயில் குறைவதற்குப் பதிலாக மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கும், விரலில் தொட்டால் வழுவழுப்பு இருக்காது, மோந்து பார்த்தால் டீசல் வாடை அடிக்கும். அந்த ஆயிலில் ஓடினால் பேரிங்கும் டர்போவும் சீக்கிரம் தேயும்.

டீசல்தான் வேண்டும் என்றால் வாரத்துக்கு ஒருமுறை செங்குன்றம் தாண்டி கொல்கத்தா ஹைவேயில் அரை மணி நேரம் நிற்காமல், மேல் கியருக்கு அவசரமாக மாற்றாமல் 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் வைத்து ஓட்டிவிட்டு வாருங்கள். டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் அன்றைக்கே போக வேண்டும், ஞாயிறு வரை காத்திருக்கக் கூடாது. ஆயிலும் கம்பெனி சொன்ன கிரேடுதான் ஊற்ற வேண்டும். சாம்பல் குறைவாகத் தரும் ஆயில் அது. லாரிக்கு ஊற்றும் பழைய கிரேடை ஊற்றினால் வடிகட்டி நிரந்தரமாக அடைக்கும்.

அத கழட்டி போட்டுட்டு கம்ப்யூட்டர்ல ஆஃப் பண்ணிடலாம்ல? பையன் ஒருத்தன் செஞ்சு தரேன்றான்.

செய்து தருவான். சட்டப்படி தப்பு, வாரன்டி போச்சு, நாளைக்கு கிளெய்ம் என்று போனால் இன்ஷூரன்ஸ்காரர் பிடித்துக்கொள்ள ஒரு காரணமும் கிடைக்கும். வாரன்டி முடிந்த வண்டி என்றாலும், அவன் போடுகிற ஃபைலில் வேறு எதையெல்லாம் மாற்றியிருக்கிறான் என்று உங்களுக்கும் தெரியாது, பின்னால் பார்க்கிற மெக்கானிக்குக்கும் தெரியாது. பதினைந்து வருடம் வைத்திருக்கப் போகிற வண்டியில் அந்த வேலை வேண்டாம். டி.பி.எஃப். உங்கள் ரூட்டுக்கு ஒத்துவராது என்று தெரிந்தால் பெட்ரோல் வாங்குங்கள், அவ்வளவுதான்.

டீசல்ல யூரியா வேற ஊத்தணுமாமே?

எல்லா டீசலிலும் இல்லை. டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் இன்னொரு மூடி இருந்தால் உண்டு. 32.5 சதவீத யூரியாக் கரைசல், பெட்ரோல் பங்கிலேயே கேனில் கிடைக்கும். செலவு பெரிதில்லை. ஆனால் யூரியா டேங்க் காலியானால் நிறுத்திய வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகாது. ஜவ்வாது மலைக்குப் போகும்போது ஒரு கேன் பின்னால் இருக்கட்டும்.

சரி, பெட்ரோல்ல மட்டும் பிரச்சினை இல்லையா? ஈ20 போட்டா இன்ஜின் போயிடும்னு வாட்ஸாப்புல வருதே?

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஆகவே மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதற்கேற்ப டியூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொன்னது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டி என்றால் ஹோஸ், சீல் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் பொருளில் வருகின்றன. பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியவர்கள் பழைய ஜிப்சி, கார்ப்பரேட்டர் ஜீப் வைத்திருப்பவர்கள். ரப்பர் ஹோஸ் ஊறி விரிசல் விடும், கார்ப்பரேட்டருக்குள் பச்சை பூக்கும். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். கடலோரம் வைத்திருக்கிற, மாதக்கணக்கில் ஓடாத வண்டியின் டேங்கில் அடியில் தண்ணீர் சேரும். ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டு, டேங்கை நிறைத்து வையுங்கள். உள்ளே காற்று குறைந்தால் ஈரமும் குறையும்.

பெட்ரோல்லயே டர்போ இருக்கறதா, இல்லாததா?

நீண்ட நாளைக்கு என்றால் என் ஓட்டு டர்போ இல்லாததற்கு. ஜிம்னியின் இன்ஜினில் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே அடிக்கப்படுகிறது, அதனால் இன்டேக் வால்வை பெட்ரோலே கழுவிக்கொண்டிருக்கும். தார் பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் அடிக்கும் வகை. சக்தி ஏராளம், ஆனால் வால்வைக் கழுவ ஆளில்லை. வருடங்கள் போகப் போக அதில் கரி படியும், ஒருநாள் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டி வரலாம். டர்போ, இன்டர்கூலர், உயர் அழுத்த பம்ப் என்று கெட்டுப்போகக்கூடிய பாகங்களும் கூடுதல்.

ஓட்டும் சுகம் என்று வந்தால் தார் பெட்ரோலுக்கு நான் எதிரி இல்லை. அடிக்கடி ஊட்டி பக்கம் போகிறவர்களுக்கு டர்போ உதவும்; டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் பத்து சதவீதம் வீதம் சக்தியை இழக்கும், ஊட்டி 2,200 மீட்டர் சொச்சம். நாலு பேர், லக்கேஜ், ஏசி என்று ஜிம்னியில் ஏறினால் அது தெரியும்.

கணக்கு போட்டு காட்டுங்க. டீசலுக்கு குடுக்கற எக்ஸ்ட்ரா காசு எப்போ திரும்ப வரும்?

சென்னையில் பெட்ரோல் லிட்டர் 101, டீசல் 92.50 என்று வைத்துக்கொள்வோம். தார் பெட்ரோல் ஊருக்குள் 9, டீசல் 12 கொடுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 11 ரூபாய் 20 காசு, டீசலில் 7 ரூபாய் 70 காசு. வித்தியாசம் மூன்றரை ரூபாய். வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 21,000. 15,000 ஓடினால் 52,500. டீசலுக்கு ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால் முதல் ஆளுக்கு ஏழு வருடம், இரண்டாவது ஆளுக்கு மூன்று வருடம்.

ஆனால் முதல் ஆளின் ஏழு வருடத்துக்குள் ஒரு டி.பி.எஃப். வேலையோ ஒரு செட் இன்ஜெக்டரோ வந்தால் மீட்டர் திரும்ப முதலிலிருந்து ஓடும். இன்னொன்று, ஜிம்னி ஊருக்குள் 13 கொடுத்தால் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 80 காசுதான் ஆகிறது. தார் டீசலோடு ஏறக்குறைய சமம். பெட்ரோல் என்றாலே செலவு என்பது பெரிய பெட்ரோல் இன்ஜினைப் பார்த்து வந்த பேச்சு.

தார்லயே 1.5 டீசல் விலை ரொம்ப கம்மியா இருக்கே, அத எடுத்துக்கவா?

அதில் ஃபோர் வீல் டிரைவ் இல்லை, பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். விலை குறைவுக்கு வரியும் ஒரு காரணம். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாறியபோது நான்கு மீட்டருக்குள் இருக்கும், 1,500 சி.சி. வரையிலான டீசலுக்கு 18 சதவீதம் என்று ஆனது. ஃபோர் வீல் டிரைவ் தாரின் 2.0, 2.2 இன்ஜின்களுக்கு 40. ஜிம்னியும் நான்கு மீட்டருக்குள்தான், ஆனால் பெட்ரோலுக்கு எல்லை 1,200 சி.சி. என்பதால் அதுவும் 40-ல் மாட்டிக்கொண்டது. ஜீப் தோற்றம் போதும் என்றால் 1.5 நல்ல வண்டி. சேற்றில் இறங்க வேண்டாம்.

மழை வந்தா நம்ம ஏரியா தெரியும்ல. தண்ணில எந்த இன்ஜின் தாங்கும்?

எதுவும் தாங்காது, காற்று இழுக்கும் வாய்க்குள் தண்ணீர் போனால். தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராட் வளையும். டீசலில் பிஸ்டனுக்கு மேல் இருக்கும் இடம் பெட்ரோலை விடக் குறைவு, அதனால் கொஞ்சம் தண்ணீரே போதும். பழைய பெட்ரோல் ஜீப்பில் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பாகம்) நனைந்ததும் இன்ஜின் தானே நின்றுவிடும், அது ஒரு வகையில் அதைக் காப்பாற்றியது. டீசல் நிற்காமல் ஓடி, கடைசியில் ஒரேயடியாக நிற்கும்.

தண்ணீரில் போகக்கூடிய ஆழம் தாருக்கு 650 மில்லிமீட்டர், கூர்காவுக்கு 700 என்று கம்பெனி சொல்கிறது. அது நிற்கிற தண்ணீருக்கு. எதிரே ஒரு பஸ் வந்தால் அலை பானட்டுக்கு மேல் ஏறும். கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நிற்கும்போது எவ்வளவு ஆழம் என்று பார்த்தால் தெரியாது. எந்த ஜீப்பாக இருந்தாலும் சுற்றிக்கொண்டு போங்கள். ஸ்நார்க்கல் இருந்தால் காற்றுக்கு வழி உயரும், ஆல்டர்னேட்டருக்கும் ஃபியூஸ் பாக்ஸுக்கும் அது எதுவும் செய்யாது.

தண்ணீரில் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. முழுக் கேள்வியிலும் முக்கியமான வரி இதுதான். தள்ளிக் கரையேற்றி ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். காகிதம் ஈரமாக இருந்தால் டோ செய்து கொண்டுபோங்கள். சாதாரண ஃபுல் இன்ஷூரன்ஸில் இந்த இன்ஜின் சேதம் பொதுவாக வராது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். நம்ம ஏரியாக்காரர்கள் எந்த இன்ஜின் எடுத்தாலும் அதைச் சேர்த்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், எர்ணாவூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிக்கு இன்ஜின் தப்பினாலும் ரப்பர் பூட், புஷ் எல்லாம் பார்த்தாக வேண்டும்.

வீடு காசிமேடு. கடல் காத்துல இன்ஜின் சீக்கிரம் போயிடுமா?

இன்ஜின் போகாது, அதைச் சுற்றி இருப்பவை போகும். ரேடியேட்டர் தகடு, சென்சார் கனெக்டர், எர்த் ஒயர், டீசல் பைப் ஜாயின்ட். நவீன டீசலில் சென்சார்கள் அதிகம், பச்சை பூக்கக்கூடிய இடங்களும் அதிகம். எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் இருப்பவர்களுக்கு உப்போடு நிலக்கரித் தூசியும் சாம்பலும் சேரும். அங்கே ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் கறுப்பாகக் கொட்டும். புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்குக் காத்திருக்காமல் பாதியிலேயே மாற்றுங்கள். டர்போ உள்ள வண்டிக்கு இது இன்னும் அவசியம்.

பத்து வருஷம் கழிச்சு ஸ்பேர் கிடைக்குமா? எது சேஃப்?

ஜீப்பைப் பார்க்காதீர்கள், அதே இன்ஜின் வேறு எந்த வண்டியில் ஓடுகிறது என்று பாருங்கள். ஜிம்னியின் இன்ஜின் எர்டிகாவிலும் சியாஸிலும் வந்தது, டாக்ஸியாகத் தெருவுக்குத் தெரு ஓடுகிறது. மகிந்திராவின் 2.2 டீசல் குடும்பம் ஸ்கார்பியோவிலும் எக்ஸ்.யு.வி. 500-லும் ஓடி மெக்கானிக் கைகளுக்குப் பழகிவிட்டது. கூர்காவின் இன்ஜின் டிராவலர் வேனில் இருக்கிறது, வேன் ஓடும்வரை பாகம் வரும். வி-கிராஸ் இன்ஜின் மேல் எனக்குக் குறையே இல்லை, ஆனால் ரோட்டில் எண்ணிக்கை குறைவு. பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் போய்த் தேடினால் அது தெரியும்.

எதுக்கு இந்த தலைவலி எல்லாம்? பழைய மிலிட்டரி ஜிப்சியோ, பம்ப் வெச்ச டீசல் ஜீப்போ எடுத்துட்டா?

கம்ப்யூட்டர் இல்லாத இன்ஜின் என்ற ஆசை நியாயமானது. பழைய டீசல் ஜீப்பின் பம்பை எங்கள் பெஞ்சிலேயே வைத்து சரிசெய்துவிடலாம், ஸ்கேனர் தேவையில்லை. ஜிப்சியின் 1.3 பெட்ரோல் லேசானது, எளிமையானது. ஆனால் தினசரி வண்டியாக நினைக்காதீர்கள். ஏசி, பிரேக், பாதுகாப்பு எல்லாம் அந்தக் காலத்து அளவுதான். ஏலத்தில் வந்த வண்டி என்றால் இன்ஜினுக்கு முன் காகிதத்தைப் பாருங்கள். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், ஆர்.சி. மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

டீசல் வண்டிய பத்து வருஷத்துல ஒடச்சிடணுமாமே?

அது டெல்லி வட்டாரத்து உத்தரவு. 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்றது அந்த உத்தரவு. தமிழ்நாட்டில் அது இல்லை. இங்கே பதினைந்து வருடம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். இரண்டு இன்ஜினுக்கும் ஒரே நடைமுறை.

பழைய ஜீப் பாடில புது டீசல் இன்ஜின் ஏத்தினா ரெண்டுலயும் நல்லது கிடைக்கும்ல?

பட்டறையில் கிடைக்கும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் கிடைக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. இன்ஜின் கெட்டுப்போய், அதே வகை இன்ஜினை அனுமதி வாங்கி மாற்றி ஆர்.சி.யில் ஏற்றுவது வேறு விஷயம், அது முடியும். அனுமதி இல்லாமல் ஏற்றினால் முந்தைய பதிலில் சொன்ன எஃப்.சி.யில் மாட்டும், விபத்தானால் இன்ஷூரன்ஸிலும் மாட்டும்.

எலெக்ட்ரிக் ஜீப் வரட்டும்னு வெயிட் பண்ணட்டுமா?

மோட்டாருக்கு நின்ற இடத்திலேயே முழு டார்க், லோ கியர்கூட அவ்வளவாகத் தேவையில்லை. 2025-ல் ஹாரியர் எலெக்ட்ரிக் நான்கு சக்கர இழுவையோடு வந்துவிட்டது. ஆனால் அது ஜீப் இல்லை, மலைமேல் சார்ஜர் தேடவும் முடியாது. இப்போது வண்டி தேவை என்றால் இப்போது வாங்குங்கள்.

ரெண்டு பேரும் தினம் முப்பது கிலோமீட்டர் ஓட்றோம். நீங்க அவனுக்கு டீசல் சொன்னீங்க, எனக்கு பெட்ரோல் சொல்றீங்க. ஏன்?

இந்தக் கேள்வி சண்டையாகவே வந்தது. அவர் மீஞ்சூரில் ஏறி அவுட்டர் ரிங் ரோட்டிலேயே போகிறார். ஒரே சீரான வேகம், அரை மணி நேரம் இன்ஜின் சூடாகவே இருக்கும், டி.பி.எஃப். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். நீங்கள் வியாசர்பாடியிலிருந்து நாலு கடைக்கு நாலு தடவை நிறுத்தி நிறுத்திப் போகிறீர்கள். மீட்டரில் இரண்டும் முப்பதுதான். எவ்வளவு தூரம் என்பதை விட, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் என்று பாருங்கள்.

மாதம் ஒருமுறை திருநெல்வேலி போய் வருவேன், மற்ற நாள் ஊருக்குள் என்பவர்களுக்கும் இதே கணக்கு. அந்த ஒரு பயணம் வடிகட்டியைச் சுத்தம் செய்யும், ஆனால் அடுத்த நாலு வாரத்துக்கு அது போதாது. வாரம் ஒருமுறை ஹைவே என்ற ஒழுங்கு உங்களிடம் இருந்தால் டீசல் எடுங்கள். இல்லை என்றால் வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் எடுத்தா இன்ஜின் முடிவு மாறுமா?

பெரிதாக மாறாது. மூலக்கடையிலிருந்து ரெட்டேரி வரைக்கும் மாலையில் ஓட்டியவர் யாரும் மேனுவல் வேண்டும் என்று அடம்பிடிக்க மாட்டார். பாறையில் ஆட்டோமேட்டிக் சுலபம், இறக்கத்தில் மேனுவலுக்குப் பிடிப்பு அதிகம். ஜிம்னி ஆட்டோமேட்டிக் நாலு கியர்தான் என்பதால் ஹைவேயில் கொஞ்சம் கத்தும்.

செகண்ட் ஹேண்ட் டீசல் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். இன்ஜின்ல என்ன பாக்கணும்?

காலையில் போங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்பே சொல்லுங்கள். போனதும் பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் இரண்டு மூன்று விநாடிக்குள் பிடிக்க வேண்டும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் லேசாகக் காற்று வரும், புகையாகக் குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. டிப்ஸ்டிக்கில் பார்க்க வேண்டியதை டி.பி.எஃப். கேள்வியிலேயே சொல்லியிருக்கிறேன். ஸ்கேனர் போட்டு, கடைசி ரீஜென் எத்தனை கிலோமீட்டருக்கு முன் நடந்தது, கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அடியில் போய் டிஃபரன்ஷியல் ஆயில் பிளக்கை லேசாகத் தளர்த்துங்கள். வருவது பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீருக்குள் போன வண்டி. சீட் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல் என்றால் மழையில் மூழ்கி எழுந்தது. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

கடைசியாக பாட்டில் டெஸ்ட். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பையும் கழற்றி நாலு சின்ன பாட்டிலில் விட்டு இன்ஜினை ஓட விடுவோம். நாலும் ஒரே மட்டத்தில் ஏறினால் நல்லது. ஒன்று மட்டும் வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. அரை மணி நேர வேலை, எந்தப் பம்ப் பட்டறையிலும் செய்வார்கள். ஓனர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் நாலு இன்ஜெக்டர் விலையைக் கழித்துக்கொண்டு பேச்சை ஆரம்பியுங்கள்.